ஒரே நெல், மூன்று கணக்கு: உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையில் இந்திய அரிசி ஏன் சிக்கிக்கொண்டது?

2024 பிப்ரவரி 26 அன்று அபுதாபியில் உலக வர்த்தக அமைப்பின் 13ஆவது அமைச்சர்கள் மாநாடு தொடங்கியது. அதே நாளில் வட இந்திய நெடுஞ்சாலைகளில் விவசாயிகள் டிராக்டர்களை வரிசையாக நிறுத்தி, அந்த அமைப்பை விட்டு இந்தியா வெளியேற வேண்டும் என்று முழக்கமிட்டார்கள். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்கிறவர்களுக்கு ஜெனீவாவில் இருக்கும் ஓர் அமைப்பின் மீது என்ன கோபம் என்று செய்தி படித்த பலருக்கும் விளங்கவில்லை. மாநாடு நீட்டிக்கப்பட்டு மார்ச் 2 அன்று முடிந்தது. வேளாண்மையைப் பொறுத்தவரை கைகூடியது எதுவும் இல்லை.

இந்தச் சண்டை பெரும்பாலும் “ஏழை நாடு, பணக்கார நாடு” என்ற ஒற்றை வரியில் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு; ஆனால் பாதி உண்மைதான். உள்ளே போய்ப் பார்த்தால் பெரிய சிக்கல், மானியத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கிவிடும்.

வேளாண்மை விதிகளுக்குள் வந்த விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல், வர்த்தகம் மற்றும் தீர்வைகள் பற்றிய பொது ஒப்பந்தம் எழுதப்பட்டது. ‘காட்’ என்று அழைக்கப்படும் அந்த ஒப்பந்தம் தொழிற்சாலைப் பொருள்களுக்கான வரிகளைப் படிப்படியாகக் குறைத்தது. வேளாண்மை மட்டும் ஒப்புக்கு உள்ளே இருந்தது. அதை வெளியே வைத்தது ஏழை நாடுகள் என்று நினைத்துவிட வேண்டாம். 1955இல் தன் விவசாயிகளைக் காக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்கு விதிவிலக்குக் கேட்டு வாங்கியது அமெரிக்கா. ஐரோப்பா 1960களில் பொது வேளாண் கொள்கையைக் கொண்டுவந்து, தாராளமாக விலை கொடுத்து வாங்கிய வெண்ணெயையும் கோதுமையையும் கிடங்குகளில் குவித்தது. மிஞ்சியதை ஏற்றுமதி மானியம் கொடுத்து உலகச் சந்தையில் தள்ளிவிட்டது.

1980களில் இந்தப் போட்டி மானியம் இருவர் கஜானாவையும் அரிக்கத் தொடங்கியது. அப்போதுதான் 1986இல் உருகுவே சுற்றுப் பேச்சு தொடங்கியது. 1992 நவம்பரில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தனியாக உட்கார்ந்து, ‘பிளேர் ஹவுஸ்’ உடன்பாடு என்ற பெயரில், வேளாண்மையில் யார் எதை விட்டுக்கொடுப்பது என்று பேசி முடித்தன. 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷில் பேச்சில் பங்கேற்ற நாடுகள் கையெழுத்திட்ட வேளாண் ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு அந்த அறையில் உருவானதுதான். 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தது.

ஒப்பந்தம் மூன்று தூண்களில் நிற்கிறது.

1. சந்தை அனுமதி: இறக்குமதி வரி எவ்வளவு வரை போகலாம் என்பது.
2. உள்நாட்டு ஆதரவு: அரசு தன் விவசாயிக்கு எந்த வகையில், எவ்வளவு உதவலாம் என்பது.
3. ஏற்றுமதிப் போட்டி: ஏற்றுமதிக்குத் தரும் மானியம். இது 2015 நைரோபி மாநாட்டில் ஒழிக்கப்பட முடிவானது. மூன்றில் ஓரளவு உருப்படியாக முடிந்த தூண் இது ஒன்றுதான்.

இந்தியா சிக்கியிருப்பது இரண்டாவது தூணில்.

மானியங்களுக்குப் பூசிய நிறங்கள்

உள்நாட்டு ஆதரவை ஒப்பந்தம் பெட்டிகளாகப் பிரிக்கிறது.

1. பச்சைப் பெட்டி: வர்த்தகத்தைப் பெரிதாகக் குலைக்காத உதவிகள். ஆராய்ச்சி, பயிற்சி, பயிருடன் தொடர்பில்லாத நேரடி வருமான உதவி, ஏழைகளுக்கான உணவு உதவி ஆகியவை இதில் வரும். உச்சவரம்பு இல்லை. அமெரிக்காவின் உணவு உதவித் திட்டச் செலவு இந்தப் பெட்டியில்தான் பத்திரமாக இருக்கிறது.
2. நீலப் பெட்டி: உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையோடு தரும் உதவி. ஐரோப்பாவின் தேவைக்காகவே செய்தது என்று சொல்லலாம்.
3. மஞ்சள் பெட்டி: விலை ஆதரவு போல நேராக உற்பத்தியைத் தூண்டுபவை. இவற்றுக்கு உச்சவரம்பு உண்டு.

இவை தவிர, வளரும் நாடுகளின் வசதியற்ற விவசாயிகளுக்கான உரம், மின்சாரம், பாசன மானியங்களுக்கு 6.2 என்ற பிரிவு விலக்கு அளிக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை 300 ரூபாய்க்குள் கிடைப்பதையும், தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் கிடைப்பதையும் இந்தியா இந்தப் பிரிவைக் காட்டியே நியாயப்படுத்துகிறது.

மஞ்சள் பெட்டியில் ஒரு பயிருக்குத் தரும் ஆதரவு, அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் இத்தனை சதவீதத்துக்குள் இருந்தால் குற்றமில்லை. வளர்ந்த நாடுகளுக்கு 5, வளரும் நாடுகளுக்கு 10, பின்னால் சேர்ந்த சீனாவுக்கு 8.5. இதை இங்கே விலக்கு வரம்பு என்று அழைப்போம். இந்தியாவின் நெல் முட்டி மோதுவது இந்த 10 சதவீதச் சுவரில்.

எல்லா வம்பும் ஓர் அடிக்குறிப்பில்

உணவுப் பாதுகாப்புக்காக அரசு தானியம் வாங்கி இருப்பு வைப்பது பச்சைப் பெட்டியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் பிரச்சினை ஏது? அந்தப் பத்தியின் அடியில் 5ஆம் எண் குறிப்பு ஒன்று இருக்கிறது. அரசு நிர்ணயித்த விலையில் வாங்கினால், அந்த விலைக்கும் ஒரு வெளி ஒப்பீட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மஞ்சள் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்கிறது குறிப்பு. சந்தை விலையில் வாங்கினால் பச்சை. ஆதரவு விலையில் வாங்கினால் வித்தியாசத் தொகை மஞ்சள்.

ஒப்பீட்டு விலை எது என்பதை மூன்றாம் இணைப்பு சொல்கிறது: 1986 முதல் 1988 வரையிலான சராசரி உலக விலை. நிலையாக, மாறாமல். விலைவாசி எத்தனை மடங்கு ஏறினாலும் அது அங்கேயே நிற்கும். “அளவுக்கு மீறிய பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும்” என்ற பொருளில் 18.4 பிரிவில் ஒரு வரி உண்டு. ஆனால் கருத்தில் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

ஒரு குவிண்டால் நெல்லைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அங்கேயே தகராறு தொடங்கும். இரண்டரைச் சிப்பம் ஒரு குவிண்டால். 2018-19இல் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். அந்த ஆண்டை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்தியா 10 சதவீத வரம்பை மீறியதாகத் தானே முதன்முதலில் ஒப்புக்கொண்டது அந்த ஆண்டுக்குத்தான்.

100 கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசி என்பது அரசின் கணக்கு. எனவே 1,750 ரூபாய் நெல் விலை என்பது டன் அரிசிக்குச் சுமார் 26,100 ரூபாய். அன்றைய நாணய மாற்று விகிதம் டாலருக்கு ஏறக்குறைய 70 ரூபாய். ஆக டன்னுக்கு 373 டாலர். இதை வைத்துக்கொண்டு மூன்று வழிகளில் கணக்குப் போடலாம்.

1. இந்தியாவின் கணக்கு. ஒப்பீட்டு விலை டன்னுக்கு 262.51 டாலர். வித்தியாசம் சுமார் 111 டாலர். அரசு உண்மையில் வாங்கிய அரிசி ஏறக்குறைய 4.4 கோடி டன். பெருக்கினால் 500 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. இந்தியா அறிவித்த தொகையும் 500 கோடி டாலர்தான். உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர் என்பதால் ஆதரவு 11 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. வரம்பு மீறல், ஆனால் மயிரிழையில்.

2. “தகுதியுள்ள உற்பத்தி” கணக்கு. ஆதரவு விலை நாடு முழுமைக்கும் பொதுவாக அறிவிக்கப்படுகிறது. யார் கொண்டுவந்தாலும் வாங்குவோம் என்கிறது அரசு. ஆகவே வாங்கிய அளவை விட்டுவிட்டு விளைந்தது முழுவதையும் பெருக்க வேண்டும் என்பது அமெரிக்கா போன்ற எதிர்த்தரப்பு நாடுகளின் வாதம். 2018-19இல் விளைந்தது 11.6 கோடி டன். இப்போது ஆதரவு 30 சதவீதத்தைத் தொடுகிறது. இது சும்மா கிளப்பிய வாதம் என்று தள்ள முடியாது. தென் கொரியாவின் மாட்டிறைச்சி வழக்கில், வாங்கிய அளவும் வாங்கத் தகுதியான அளவும் வேறு வேறு என்று உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

3. அமெரிக்கக் கணக்கு. இந்தியா முதலில் தாக்கல் செய்த அட்டவணையில் ஒப்பீட்டு விலை ரூபாயில் இருந்தது: டன் அரிசிக்கு 3,520 ரூபாய். அன்று டாலருக்கு 13 ரூபாய்ச் சொச்சம். பிற்பாடு இந்தியா டாலருக்கு மாறிக்கொண்டது. ரூபாயிலேயே வைத்துக் கணக்கிடு என்கிறது அமெரிக்கா. அப்படிச் செய்தால் வித்தியாசம் டன்னுக்கு 22,600 ரூபாய். முழு உற்பத்தியோடு பெருக்கினால் 2.6 லட்சம் கோடி ரூபாய். உற்பத்தி மதிப்பில் 80 சதவீதத்துக்கும் மேல்! 2018 மே மாதம் அமெரிக்கா இந்தியாவுக்கு எதிராகத் தாக்கல் செய்த எதிர் அறிக்கை, முந்தைய ஆண்டுகளுக்கு இதே முறையில், அரிசிக்கு 70 சதவீதத்துக்கு மேலும் கோதுமைக்கு 60க்கு மேலும் என்று சொன்னது.

ஒரே நெல். ஒரே விலை. 11, 30, 80 என மூன்று விடைகள். இதில் எந்த விடையிலும் உழவரின் கைக்கு ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நான்காவது ஒரு கணக்கும் உண்டு. அதை ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. 2018இல் தாய்லாந்து அரிசியின் ஏற்றுமதி விலை டன்னுக்கு 400 டாலருக்கு மேல் இருந்தது. அதை ஒப்பீட்டு விலையாக வைத்தால் 373 டாலர் என்பது மானியமே ஆகாது. துறைமுக விலையில் அரைவைக் கூலியும் லாரி வாடகையும் அடக்கம் என்பதால் நேரடியாக ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லைதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், முப்பது ஆண்டுக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டு வரும் 500 கோடி டாலரில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டும் இருக்கும் மானியம் என்பது தெளிவு.

யாருக்கு எவ்வளவு இடம்

1986-88இல் அதிகமாக மானியம் கொடுத்துக்கொண்டிருந்த நாடுகள் அதைக் கொஞ்சம் குறைப்பதாக ஒப்புக்கொண்டன; மீதியைத் தொடரும் உரிமை அவற்றுக்கு நிரந்தரமாகக் கிடைத்தது. அப்போது இந்தியாவின் ஆதரவு விலை உலக விலையைவிடக் குறைவு. அதாவது கணக்குப்படி இந்திய விவசாயிக்குக் கிடைத்தது எதிர்மறை மானியம். அதனால் இந்தியாவுக்குக் கிடைத்த கூடுதல் உரிமை பூஜ்யம். இருப்பதெல்லாம் அந்த 10 சதவீதம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு, பிரிட்டன் வெளியேறும் முன் இருந்த கணக்குப்படி, ஆண்டுக்கு 7,240 கோடி யூரோ, அமெரிக்காவுக்கு 1,910 கோடி டாலர் அளவுக்கு மஞ்சள் பெட்டி உரிமை இருக்கிறது. இது நாடு முழுமைக்குமான மொத்தத் தொகை என்பதால் விரும்பிய பயிர்களில் குவித்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கோ பயிருக்குப் பயிர் வரம்பு. தவறு செய்தவனுக்குச் சலுகை, செய்யாதவனுக்குத் தடை என்ற இந்தக் கோணலைச் சரிசெய்யாமல் மற்றதைப் பேசுவதில் அர்த்தமில்லை என்று 2017இல் இந்தியாவும் சீனாவும் சேர்ந்து முன்மொழிந்தன. அந்த வாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. அது எங்கும் நகரவுமில்லை.

சமாதான விதி

2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 80 கோடிப் பேருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம். கொள்முதல் கூடும், வரம்பு உடையும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். இந்தியா இடம்பெற்ற, வளரும் நாடுகளின் ஜி-33 குழு அதற்கு முன்பே விதியைத் திருத்தக் கேட்டிருந்தது. 2013 டிசம்பர் பாலி மாநாட்டில் கிடைத்தது திருத்தம் இல்லை, ஒரு தற்காலிக ஏற்பாடு: வரம்பை மீறினாலும் வழக்குப் போட மாட்டோம், 2017க்குள் நிரந்தரத் தீர்வு காண்போம். இதுதான் சமாதான விதி.

2017க்குப் பிறகு என்ன என்பது தெளிவாக இல்லாததால் 2014 ஜூலையில் இந்தியா முரண்டு பிடித்தது. சுங்க நடைமுறைகளை எளிதாக்குவதற்காகப் பணக்கார நாடுகள் பெரிதும் விரும்பிய வர்த்தக வசதி ஒப்பந்தத்தைத் தடுத்து நிறுத்தியது. அன்று உலகப் பத்திரிகைகள் இந்தியாவை வறுத்தெடுத்தன. ஆனால் நவம்பரில் பலன் கிடைத்தது: நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாதான விதி காலவரையின்றித் தொடரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருமித்த கருத்து இல்லாமல் எதுவும் நிறைவேறாத அமைப்பில், மறுப்புதான் பேரத்தின் நாணயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2020இல், 2018-19ஆம் ஆண்டு அரிசிக்காக, இந்தியா இந்த விதியைப் பயன்படுத்தியது. அப்படிச் செய்த முதல் நாடு அதுவே. அடுத்த ஆண்டுக் கணக்கில் ஆதரவு 13 சதவீதத்தைத் தாண்டியது. நிரந்தரப் பாதுகாப்பு கையில் இருக்கும்போது நிரந்தரத் தீர்வு எதற்கு என்று கேட்கலாம். விதியின் நிபந்தனைகளைப் பார்த்தால் தெரியும்.

1. 2013 டிசம்பருக்கு முன் இருந்த திட்டங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு. இன்று புதிதாக இருப்புத் திட்டம் தொடங்க நினைக்கும் ஆப்பிரிக்க நாட்டுக்கு இதில் இடமில்லை.
2. மரபான முக்கிய உணவுப் பயிர்களுக்கு மட்டும்.
3. வரம்பு மீறியதை ஒப்புக்கொண்டு, விவரங்களைக் கொட்ட வேண்டும். ஒவ்வொரு அறிக்கைக்கும் எதிர்நாடுகள் கேள்விப் பட்டியலோடு காத்திருக்கின்றன.
4. இருப்பு தானியம் வர்த்தகத்தைக் குலைக்கக் கூடாது. பிற நாடுகளின் உணவுப் பாதுகாப்பைப் பாதிக்கக் கூடாது.

நான்காவதுதான் உண்மையான கத்தி.

தாய்லாந்து சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

இந்தியத் தரப்பு எழுத்துகளில் பெரும்பாலும் விடுபடும் பகுதி இது. 2011இல் பாசுமதி அல்லாத அரிசி ஏற்றுமதிக்கு இருந்த தடையை நீக்கிய இந்தியா, மறு ஆண்டே உலகின் முதல் அரிசி ஏற்றுமதி நாடானது. இப்போது உலக அரிசி வர்த்தகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவுடையது. பஞ்சத்துக்குப் பயந்து தானியம் சேர்க்கும் நாடு என்ற பிம்பமும், உலகச் சந்தையில் விலையைத் தீர்மானிக்கும் நாடு என்ற உண்மையும் ஒன்றாக உட்கார மறுக்கின்றன.

ஆதரவு விலையில் வாங்கிய அரிசி ரேஷன் கடைக்குப் போகிறது, ஏற்றுமதி ஆவது தனியார் வியாபாரி சந்தையில் வாங்கிய அரிசி என்பது இந்தியாவின் பதில். சட்டப்படி சரி. ஆனால் 80 கோடிப் பேர் இலவசத் தானியம் பெறும்போது அவர்கள் கடையில் வாங்குவது குறைகிறது. அந்த மிச்சம் எங்கோ போயாக வேண்டும். மலிவு உரமும் இலவச மின்சாரமும் நெல் பரப்பைப் பெருக்குகின்றன. பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றிக்கொண்டே இருக்க, அங்கே நெல் விளைந்துகொண்டே இருப்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, 2024 நவம்பரில் காக்கிநாடா துறைமுகத்தில் ஏற்றுமதிக்கு நின்ற கப்பலில் ரேஷன் அரிசி பிடிபட்டுப் பெரும் செய்தியானது. ஜெனீவாவில் இந்தியாவின் வாதத்துக்கு இதைவிடக் கெட்ட விளம்பரம் இருக்க முடியாது.

அபுதாபி மாநாட்டில் தாய்லாந்தின் பிரதிநிதி, இந்தியாவின் கொள்முதல் அரிசி ஏற்றுமதிச் சந்தையைப் பிடிக்கப் பயன்படுகிறது என்று பேச, இந்தியா கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. தாய்லாந்தும் இந்த வேலையைச் செய்து பார்த்த நாடுதான். 2011இல் டன் நெல்லுக்கு 15,000 பாட் கொடுத்து வாங்கி, உலக விலை ஏறும் என்று கிடங்கில் பூட்டி வைத்தது. விலை ஏறவில்லை, இந்திய அரிசி சந்தையை நிரப்பியது, தாய்லாந்து முதலிடத்தை இழந்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

2022இல் இந்தியா இன்னொன்றும் கேட்டது: இருப்பிலிருந்து அரசுக்கு அரசு நேரடியாக விற்க அனுமதி. இலங்கை அப்போது நெருக்கடியில் தவித்தது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியை உதவியாக அனுப்பத் தீர்மானித்தது. இலவசமாகக் கொடுப்பது வேறு, விற்பது வேறு. இருப்பிலிருந்து விற்க அனுமதி கேட்டதும், இருப்பு அரிசி வெளியே போகாது என்ற இந்தியாவின் அடிப்படை வாதமே ஆட்டம் கண்டது. என் பார்வையில் அது தேவையில்லாத தவறு.

“பணமாகக் கொடுத்துவிடுங்களேன்”

வளர்ந்த நாடுகளின் ஆலோசனை இது. விலை ஆதரவை விட்டுவிட்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று வங்கிக் கணக்கில் போடுங்கள். பச்சைப் பெட்டியில் வரம்பே இல்லை. ஐரோப்பா இப்படித்தான் தன் மானியத்தை நிறம் மாற்றிக்கொண்டது. இந்தியாவும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தை 2019இல் தொடங்கியது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. காவிரி டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்கு அதில் பங்கில்லை. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் விலையாவது கிடைக்கும். அதோடு, அறுவடை நேரத்தில் வியாபாரி விலையை அமுக்கும்போது, “அரசு வாங்கிக்கொள்ளும்” என்ற நிலையே உழவருக்குப் பேரம் பேசும் பலம். வங்கியில் விழும் 2,000 ரூபாய்த் தவணை அந்த வேலையைச் செய்யாது. ரேஷன் கடைக்கு அரிசியும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

மேசையில் கிடக்கும் மற்ற கோப்புகள்

அரிசியோடு முடிந்துவிடவில்லை. சுருக்கமாக:

1. சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடு. இறக்குமதி திடீரென்று பெருகினால் வளரும் நாடு வரியை உயர்த்திக்கொள்ளும் உரிமை. உருகுவே சுற்றுக்கு அடுத்து 2001இல் தொடங்கிய தோகா சுற்றுப் பேச்சு 2008 ஜூலையில் ஜெனீவாவில் உடைந்தது இதில்தான். இறக்குமதி 40 சதவீதம் கூடினால்தான் உச்ச வரியைத் தாண்ட அனுமதி என்றது அமெரிக்கா. 10 சதவீதம் கூடினாலே போதும் என்றது இந்தியா.
2. பருத்தி. அமெரிக்க மானியத்தால் விலை விழுகிறது என்று பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகள் 2003 முதல் முறையிடுகின்றன. பிரேசில் வழக்குப் போட்டு வென்றது. அமெரிக்கா மானியத்தை உடனே நிறுத்துவதற்குப் பதிலாகப் பிரேசில் பருத்தி விவசாயிகளுக்குப் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு அப்படிப் பேரம் பேசும் பலம் இல்லை.
3. ஏற்றுமதித் தடை. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியைத் தடை செய்ததும் உலக விலை 15 ஆண்டு உச்சத்துக்குப் போனது. ஓராண்டுக்கு மேல் கழித்து 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. மானியத்துக்கு அத்தனை சதவீதக் கணக்கு வைத்திருக்கும் ஒப்பந்தத்தில், ஏற்றுமதித் தடைக்கு முன்னறிவிப்பு கொடு, கலந்து பேசு என்பதற்கு மேல் எதுவும் இல்லை. விதிகள் எழுதப்பட்ட காலத்தில் எல்லோரும் பயந்தது மிஞ்சிய தானியத்துக்கு, தட்டுப்பாட்டுக்கு அல்ல.
4. எச்ச அளவு. வரி குறையக் குறைய, பூச்சிக்கொல்லி எச்சத்தின் பேரில் தடை வருகிறது. டிரைசைக்ளசோல் என்ற மருந்துக்கு 2018 முதல் ஐரோப்பா விதித்த கடும் வரம்பால் பாசுமதி ஏற்றுமதி திணறியது.

தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை

மூன்று கணக்கில் எது சரி என்று ஒரு தீர்ப்பாயம் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. இந்தியக் கரும்பு விலை, சர்க்கரை மானியம் குறித்துப் பிரேசில், ஆஸ்திரேலியா, கவுதமாலா தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் முதல்நிலைக் குழு இந்தியாவுக்கு எதிராகச் சொன்னது. இந்தியா மேல்முறையீடு செய்தது. விசாரிக்க ஆளில்லாத நீதிமன்றத்தில் வழக்கு இன்றும் நிலுவை, தீர்ப்பு அமலாகாது.

இது தற்காலிகமாக இந்தியாவுக்கு வசதி. ஆனால் இதே வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அமெரிக்கா 2025இல் தன்னிச்சையாக வரிகளை உயர்த்தியபோது முறையிட உருப்படியான இடம் யாருக்கும் இல்லாமல் போனதும் இதனால்தான்.

நெல் விலைக்கு இதனால் என்ன ஆகும்?

உடனடியாக ஒன்றும் ஆகாது. சமாதான விதி இருக்கும்வரை அரிசி, கோதுமைக் கொள்முதலை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது. “உலக வர்த்தக அமைப்பு அனுமதிக்காது” என்று எந்த அரசியல்வாதியாவது கொள்முதல் நிலையத்தை மூடுவதற்குக் காரணம் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் மூன்று இடங்களில் இந்தக் கணக்கு உள்ளூர் அரசியலைத் தொடுகிறது.

1. சட்ட உத்தரவாதம். “வாங்கிய அளவுக்கு மட்டுமே கணக்கு” என்பதுதான் இந்தியாவின் தற்காப்பு. எல்லா விளைச்சலையும் ஆதரவு விலைக்குக் குறையாமல் வாங்கச் சட்டம் போட்டால், மொத்த உற்பத்தியும் தகுதியுள்ளது என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். 11 சதவீதம் 30க்கு நகரும். விவசாயிகளின் கோரிக்கை நியாயமா இல்லையா என்பது தனி விவாதம். அந்தக் கோரிக்கையோடு வெளியேறும் கோரிக்கையும் ஏன் ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

2. மாநில ஊக்கத்தொகை. 2025-26இல் மத்திய அரசின் விலையான 2,369 ரூபாயோடு தமிழ்நாடு தன் பங்கைச் சேர்த்துப் பொது ரகத்துக்கு 2,500 ரூபாய் தந்தது. விவசாயிக்கு அது அவசியமான தொகை. கணக்கில் அதுவும் அரசு நிர்ணயித்த விலையின் பகுதிதான் என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு.

3. ரூபாயின் மதிப்பு. 1,750 ரூபாயிலிருந்து 2,369 ரூபாய் என்பது 35 சதவீத உயர்வு. ஆனால் இடையில் ரூபாய் சரிந்ததால், டாலரில் டன் அரிசி 373இலிருந்து 400ஐச் சற்றுத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ரூபாய் விழ விழ, ஜெனீவாவில் இந்தியாவின் மானியம் சிறுத்துத் தெரிகிறது. டாலர் கணக்கை விட்டுக்கொடுக்க இந்திய அதிகாரிகள் ஒருபோதும் சம்மதிக்காததற்கும், ரூபாய்க் கணக்கை அமெரிக்கா விடாமல் பிடித்திருப்பதற்கும் காரணம் இதுவே. நிரந்தரத் தீர்வுக்கான வரைவு எது வந்தாலும், அதில் ஒப்பீட்டு விலை எந்த ஆண்டுக்குரியது, எந்த நாணயத்தில் என்ற இரண்டு வரிகளை முதலில் தேடிப் படிக்க வேண்டும்.